கஞ்சாவுக்குக் கடை திறக்கலாமா? நெல்லையில் உட்கார்ந்து போட்ட கணக்கு

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்று எங்கள் ஊர் டீக்கடையில் பேச்சு வந்தால் இரண்டு கட்சிதான். "ஊரே குட்டிச்சுவராப் போகும்" என்று ஒன்று. "ஊருக்கு ஊர் டாஸ்மாக்கை வச்சுக்கிட்டு இதுக்கு மட்டும் என்னவே தடை, அரசாங்கமே வித்தா கள்ளச்சந்தை தானா செத்துரும்லா" என்று இன்னொன்று. முதல் கட்சியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை, அவர்கள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. இரண்டாவது கட்சியின் அந்தக் கடைசி வரிதான் உறுத்துகிறது. அரசாங்கம் விற்றால் கள்ளச்சந்தை செத்துவிடும் என்பதை சோதித்துப் பார்க்காமலே உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம். சோதித்துப் பார்த்த நாடுகள் இருக்கின்றன. நம்மூரில் வேறு சரக்குகளை வைத்து அந்தச் சோதனை தினமும் நடக்கிறது.

தென்காசி தாண்டி கேரள எல்லையில் புளியரை சோதனைச் சாவடிப் பக்கம் பிடிபடுகிற பொருள்களில் ஒன்று ரேஷன் அரிசி. யாரும் தடை செய்யாத பொருள். அரசாங்கமே கொள்முதல் செய்து, அரசாங்கமே கடை வைத்து, கார்டுக்கு இலவசமாகக் கொடுக்கிற பொருள். அதற்கும் கள்ளச்சந்தை இருக்கிறது. ஏன்? இங்கே சும்மா கிடைப்பது மலைக்கு அந்தப் பக்கம் காசாகிறது, அவ்வளவுதான். ஆகவே தடைதான் கள்ளச்சந்தையைப் பெற்றெடுக்கிறது என்பது பாதிக் கதை. இரண்டு இடங்களுக்கு நடுவே விலையில் ஒரு இடைவெளி இருந்தால் போதும், அதில் ஒருவன் வண்டி ஓட்டுவான். கடை இல்லாத ஊர், கடை மூடிய நேரம், கடையில் தரமாட்டேன் என்று சொல்லப்படுகிற வயசு, எல்லாமே அப்படிப்பட்ட இடைவெளிகள். எந்த வழியைத் தேர்ந்தாலும் எந்த இடைவெளியை அடைக்கிறோம், எதைப் புதிதாகத் திறக்கிறோம் என்று பார்த்தால்தான் ஒப்பிட முடியும். அந்தக் கண்ணோடு நான்கு வழிகளைப் பார்க்கிறேன்.

இப்போது இருப்பது: தடை

1985இல் வந்த போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதியை. தனியாக வரும் இலையும் விதையும் அதில் சேராது. அதனால்தான் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அந்த இலையை அரைத்துச் செய்யும் பாங்கு விற்கிற கடைகள் லைசென்ஸோடு நடக்கின்றன, அதே செடியின் பூவை வைத்திருந்தால் ஜெயில். அளவைப் பொறுத்துத் தண்டனை: ஒரு கிலோ வரை சிறிய அளவு, அதிகபட்சம் ஓராண்டு சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு, அதிகம் போனால் 20, ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. நடுவில் மாட்டுகிறவனுக்கு 10 ஆண்டு வரை. நம் மாநிலத்தில் இதற்கு மேல் குண்டர் சட்டமும் இருக்கிறது.

சரக்கு பெரும்பாலும் ஆந்திரா-ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வருகிறது. ரயிலிலும் லாரியிலும் தெற்கே இறங்கி, இங்கே வந்து கிராம் கணக்கில் பிரிந்து பொட்டலமாகும்போது விலை பல மடங்கு. அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதி காம்பும் விதையும்தான். என்ன கலந்திருக்கிறது, எத்தனை வீரியம் என்று வாங்குகிறவனுக்கும் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது. விலையில் பெரும்பங்கு செடிக்குக் கொடுப்பது இல்லை, வழியில் மாட்டிக்கொள்ளும் பயத்துக்குக் கொடுப்பது. போலீஸ் இறுக்க இறுக்க அந்தப் பயத்தின் கூலி ஏறும், கூலி ஏறினால் துணிகிறவனும் வருவான்.

2021 கடைசியில் தொடங்கிப் பல கட்டமாக நடந்த 'கஞ்சா வேட்டை'யில் ஆயிரக்கணக்கில் கைது, டன் கணக்கில் பறிமுதல், வங்கிக் கணக்கு முடக்கம் எல்லாம் நடந்தது. அதைக் குறைசொல்ல மாட்டேன். மேலே உள்ள வியாபாரியின் கணக்கை முடக்குவதுதான் அவனுக்கு வலிக்கும். ஆனால் பொட்டலம் கிடைக்காத இடத்தில் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்ளும் பையன்களையும் இதே மாவட்டங்களில்தான் பார்க்கிறோம். கஞ்சாவை விட அது பல மடங்கு ஆபத்து. குட்காவுக்கு 2013 முதல் தடை இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் கூல் லிப் புகையிலை கிடைக்காத ஊரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இன்னொரு விஷயம், இது எங்கள் பக்கத்துக்கே உரியது. பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியம் பக்கம் விடிகாலையில் போனால் ஓடிக்கொண்டிருக்கும் பையன்களில் பலர் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் போனால் பாஸ்போர்ட் எடுத்து வளைகுடாவுக்குக் காத்திருப்பவர்கள். இவர்களில் ஒருவன் இரண்டு பொட்டலத்தோடு மாட்டினால் கோர்ட் கொடுக்கும் தண்டனை ஒரு சில ஆயிரம் அபராதமாக இருக்கலாம். அவனுடைய உண்மையான தண்டனை வேறு. தமிழ்நாட்டுக் காவல்துறை வேலைக்கான விதிப்படி கிரிமினல் வழக்கில் சம்பந்தப்பட்டிருந்தாலே தகுதி போய்விடும், சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும் சம்பந்தப்பட்டவன் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டுக்கு வேண்டிய போலீஸ் சான்றிதழும் அங்கேயே நிற்கும். வக்கீல் நண்பர் ஒருவர் சொல்வார்: "கேஸ் எப்படியும் ஒருநாள் முடியும், எஃப்ஐஆர் நம்பர் மட்டும் சாகுற வரைக்கும் கூடவே வரும்." அந்தப் பையனுக்கு அதற்கப்புறம் வேலை கொடுக்க யார் தயாராக இருக்கிறார்கள் என்று யோசித்தால், அதே பொட்டலக்காரன்தான் முதல் ஆள்.

(வெட்டுக்குத்து நடந்தால் 'கஞ்சா போதையில்' என்று செய்தி போடுவதும் இதோடு சேர்ந்த நோய். உள்ளே போய்ப் பார்த்தால் சாதி, நிலத் தகராறு, முன்பகை எல்லாம் இருக்கும். கஞ்சா தலைப்பில் மட்டும் இருக்கும். தலைப்பைப் படித்துவிட்டுச் சட்டம் போட ஆரம்பித்தால் எந்த வழியைத் தேர்ந்தாலும் தப்பாகத்தான் போகும்.)

வைத்திருப்பவனை விடு, விற்பவனைப் பிடி

போர்ச்சுகல் 2001இல் செய்தது இது. கஞ்சா உட்பட எல்லாப் போதைப்பொருளிலும், பத்து நாள் சொந்த உபயோகத்துக்கு உள்ள அளவு கையில் இருந்தால் அது குற்றம் இல்லை, நிர்வாக மீறல். கஞ்சா என்றால் 25 கிராம். பிடிபட்டவன் கோர்ட்டுக்குப் போவதில்லை, சட்டம், மருத்துவம், சமூகப்பணி தெரிந்த மூன்று பேர் கொண்ட குழு முன்னால் உட்கார்கிறான். அடிமையாகிவிட்டவனா, சும்மா இழுத்துப் பார்த்தவனா என்று பார்த்து, தேவைப்பட்டால் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். விற்பது அப்போதும் குற்றம், இப்போதும் குற்றம்.

இதில் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இந்த வழி கள்ளச்சந்தையைத் தொடவே இல்லை. சரக்கு எங்கிருந்து வருகிறது? அதே வியாபாரியிடமிருந்து. நெதர்லாந்துக்காரர்கள் பல பத்தாண்டுகளாக இதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்: காபி ஷாப் என்று பெயர் வைத்த கஞ்சாக் கடையின் முன்வாசலில் ஐந்து கிராம் விற்பதைக் கண்டுகொள்வதில்லை, பின்வாசல் வழியாக அந்தக் கடைக்குச் சரக்கு வருவது, சோதனைத் திட்டம் நடக்கும் சில நகரங்களைத் தவிர, சட்டவிரோதம். ஆக, கள்ளச்சந்தையை ஒழிக்கத்தான் இந்தப் பேச்சு என்றால் இந்த வழி தோல்வி. அண்ணா ஸ்டேடியத்துப் பையனைக் காப்பாற்ற என்றால், நான்கில் இதுதான் முதலிடம்.

கடையைத் திறந்துவிடு

எல்லோரும் பேச ஆசைப்படும் வழி இது. கொலராடோவில் 2014 ஜனவரி 1இல் கடை திறந்தது, கலிபோர்னியாவில் 2018 ஜனவரி 1, கனடா நாடு முழுக்க 2018 அக்டோபர் 17. மூன்றும் ஒரே மாதிரிப் போகவில்லை, அதுதான் சுவாரசியம்.

கலிபோர்னியாவில் 15 சதவீத எக்சைஸ் வரி, அதற்கு மேல் விற்பனை வரி, அதற்கு மேல் ஊராட்சி வரி, சோதனைச் செலவு, லைசென்ஸ் செலவு. கடைக்காரன் இதை எல்லாம் விலையில் ஏற்றினான். போதாததற்கு அந்த மாநிலத்தின் நகரங்களிலும் கவுண்டிகளிலும் (நம் மாவட்டம் மாதிரி) பாதிக்கு மேல் 'எங்கள் ஊரில் கடை வேண்டாம்' என்று சொல்லிவிட்டன, சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. விலையில் ஒரு இடைவெளி, இடத்தில் ஒரு இடைவெளி. கள்ளச்சந்தைக்கு வேறென்ன வேண்டும்? சட்டபூர்வமாக்கி இத்தனை வருஷம் கழித்தும் அங்கே லைசென்ஸ் இல்லாத வியாபாரம் கொடிகட்டிப் பறக்கிறது. அமெரிக்க மத்தியச் சட்டத்தில் கஞ்சா இன்னும் சட்டவிரோதம் என்பதால் பல வங்கிகள் கணக்குத் தருவதில்லை, லைசென்ஸ் உள்ளவன் கட்டுக்கட்டாக ரொக்கத்தோடு அலைகிறான்.

கனடாவிலும் ஆரம்பத்தில் இதே கூத்துதான். ஒன்டாரியோவில் சட்டம் வந்து அரை வருஷம் ஆன்லைனில் மட்டும்தான் விற்பனை, 2019 ஏப்ரலில்தான் முதல் கடைகள் வந்தன. பழைய வியாபாரி சிரித்துக்கொண்டிருந்தான். அப்புறம் கடைகள் பெருகி, விலை இறங்கி, கள்ளச்சந்தை விலைக்குப் பக்கத்தில் வந்ததும் ஆட்கள் நகர்ந்தார்கள். இன்று அங்கே பாதிக்கு மேல் வியாபாரம் சட்டபூர்வக் கடையில் நடக்கிறது. கள்ளச்சந்தை சுருங்கியது உண்மை, சாகவில்லை. சுருங்கக் கொடுத்த விலை என்ன? மலிவான சரக்கு, நிறையக் கடை. அரசாங்கம் வரிக்கு ஆசைப்பட்டால் கள்ளச்சந்தை வாழும், கள்ளச்சந்தையைக் கொல்ல ஆசைப்பட்டால் கஞ்சா மலிவாகும். இரண்டையும் ஒரே மேடையில் வாக்குறுதியாகக் கொடுக்கிறவன் கணக்குத் தெரியாதவன், அல்லது நன்றாகவே தெரிந்தவன்.

தாய்லாந்து இன்னும் பக்கத்தில் இருக்கிறது, அதனால் நமக்கு இன்னும் முக்கியம். 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தார்கள், யார் விற்கலாம், எப்படி விற்கலாம் என்ற முழுச் சட்டம் வருவதற்கு முன்னாலேயே. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திரும்பி வந்தார்கள். நடுவில் நடந்ததுதான் வேடிக்கை: பாங்காக்கிலிருந்து வரும் விமானங்களில் சூட்கேஸ் நிறைய ஹைட்ரோபோனிக் (மண் இல்லாமல் நீரில் வளர்த்த) கஞ்சா சென்னையிலும் கொச்சியிலும் பிடிபட ஆரம்பித்தது. ஒரு நாட்டின் சட்டபூர்வச் சந்தை அடுத்த நாட்டின் கள்ளச்சந்தைக்கு மொத்த வியாபாரி ஆகிவிட்டது. தமிழ்நாடு மட்டும் திறந்து கேரளா திறக்காவிட்டால் புளியரை என்ன ஆகும் என்று யோசியுங்கள். அரிசி மூட்டைக்கு அடியில் இடம் பார்க்க வேண்டிய அவசியம்கூட இருக்காது.

கடைக்கு ஆதரவாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கடையில் பாக்கெட்டில் வீரியம் எழுதியிருக்கும், பூஞ்சை, பூச்சிமருந்து சோதனை நடந்திருக்கும், வயசு கேட்பார்கள். பொட்டலக்காரன் பத்தாம் வகுப்புப் பையனிடம் ஆதார் கேட்கமாட்டான். கஞ்சா பழகுகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் விட முடியாத நிலைக்குப் போகிறார், விடலைப் பருவத்தில் தொடங்கினால் ஆறில் ஒருவர் என்று ஆய்வுகள் சொல்கின்றன, மனச்சிதைவு அபாயமும் அந்த வயசில்தான் கூடுதல். ஆகவே வயசு கேட்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இதே ஊரில் 21 வயசு என்று போர்டு எழுதிய மதுக்கடை பாட்டில் யார் யார் கைக்குப் போகிறது என்பதையும் நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

அரசாங்கமே விற்கட்டும், ஆனால் இறுக்கமாக

உருகுவே 2013இல் சட்டம் போட்டு, 2017 ஜூலையில் மருந்துக்கடைகளில் விற்கத் தொடங்கியது. பதிவு செய்துகொண்ட குடிமக்களுக்கும் அங்கேயே வசிப்பவர்களுக்கும் மட்டும், கைரேகை வைத்தால் வாரத்துக்கு பத்து கிராம். சுற்றுலாப் பயணிக்குக் கிடையாது, விளம்பரம் கிடையாது. ஆரம்ப விலை கிராமுக்கு ஒரு டாலருக்குக் கொஞ்சம் மேல், கள்ளச்சந்தையைத் தோற்கடிக்க வேண்டுமென்றே வைத்த விலை. இதைத் தவிர வீட்டில் ஆறு செடி, அல்லது 15 முதல் 45 பேர் சேர்ந்த சங்கம். ஜெர்மனியும் 2024 ஏப்ரலில் இதன் தம்பி போல ஒன்றைக் கொண்டுவந்தது: வீட்டில் மூன்று செடி, வெளியே 25 கிராம், 500 பேர் வரை சேரும் லாபநோக்கற்ற சங்கம், கடை மட்டும் கிடையாது.

காகிதத்தில் இதுதான் எனக்குப் பிடித்த வழி. வியாபாரிக்கு ஆளைப் பிடிக்க ஆசை இல்லை, அரசாங்கத்துக்கு வசூல் ஆசை இல்லை, விலையும் கள்ளச்சந்தையை ஒட்டி இருக்கிறது. நடைமுறையில் ஆரம்பத்தில் 16 மருந்துக்கடைகள்தான் முன்வந்தன, அமெரிக்கச் சட்டத்துக்குப் பயந்து வங்கிகள் அந்தக் கடைகளின் கணக்கை மூடப் பார்த்தன, பெயரைப் பதிவு செய்யக் கூச்சப்பட்டவர்கள் பழைய ஆளிடமே போனார்கள். நம்மூரில் கைரேகை வைத்துக் கஞ்சா வாங்க எத்தனை பேர் வருவார்கள்? ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போது பின்னால் நிற்கும் அத்தை என்ன வாங்குகிறோம் என்று எட்டிப் பார்க்கிற ஊர் இது.

சரி, கூச்சத்தை விடுங்கள். விற்கப்போவது யார்? இங்கேதான் டாஸ்மாக்கைப் பற்றிப் பேசாமல் தப்பிக்க முடியாது. 1983இல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கிய நிறுவனம், 2003 நவம்பரில் சில்லறையையும் எடுத்துக்கொண்டது. அப்போது சொன்ன காரணங்களில் கள்ளச்சாராயமும் போலி மதுவும் ஒழியும் என்பதும் ஒன்று. 2023-24இல் மதுவிலிருந்து மாநிலத்துக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்த நிதியாண்டு முடிந்த கையோடு, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அரசாங்கக் கடை இல்லாத ஊரா அது? கடை இருந்தது. குவார்ட்டர் விலையில் பாதிகூட இல்லாமல் பாக்கெட் சாராயம் கிடைத்தது. கூலிக்குப் போய்விட்டு வருகிறவன் எதை எடுப்பான்? அரசாங்கத்துக்கு வருமானம் வேண்டும் என்பதால் விலை ஏறுகிறது, விலை ஏறிய இடத்தில் பாக்கெட் வருகிறது. பகல் 12 மணிக்குக் கடை திறக்கும் முன்னால் பிளாக்கில் விற்பவனும் இதே கதைதான், நேரத்தின் இடைவெளியில் பிழைக்கிறவன்.

வருமானம் என்று பழகிவிட்ட அரசாங்கத்தின் கையில் கஞ்சாவைக் கொடுத்தால் அது உருகுவே ஆகாது. முதல் வருஷம் நோயாளிகளுக்கு, மூன்றாம் வருஷம் கைரேகை எடுக்கும் மெஷின் ரிப்பேர், ஐந்தாம் வருஷம் தீபாவளிக்கு இலக்கு. இது என் ஊகம்தான், ஆனால் இரண்டு பத்தாண்டு மது வியாபாரத்தைப் பார்த்தபின் வேறு மாதிரி ஊகிக்க எனக்கு வரவில்லை. 2019இல் வந்த எய்ம்ஸ் ஆய்வுப்படி நாட்டில் மது குடிப்பவர்கள் சுமார் 16 கோடி, கஞ்சா, பாங்கு, சரஸ் (கஞ்சாப் பிசின்) எல்லாம் சேர்த்து சுமார் 3 கோடி, அதிலும் பாங்குதான் அதிகம். இலக்கு வைத்து விற்கிறவனுக்கு நடுவில் உள்ள 13 கோடி காலி இடமாகத் தெரியும்.

'இந்திய அரசாங்கம் இறுக்கமாக நடத்தியதே இல்லையா' என்று கேட்டால், இருக்கிறது, அபின். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் லைசென்ஸ் பெற்ற விவசாயி பயிரிட்டு அரசாங்கத்துக்கே கொடுக்க வேண்டும், நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலை. மருந்துக்காக நடக்கும் வேலை. அங்கேயும் வயலிலிருந்து ஒரு பங்கு கள்ளத்தனமாக நழுவுவது ஊரறிந்த விஷயம், ஆனால் தெருவுக்குத் தெரு கடை என்ற நிலை வரவில்லை, ஏனென்றால் அது சில்லறைப் போதை வியாபாரமாக நடத்தப்படவில்லை.

மருந்து என்று வரும்போது ஒரு சின்ன வார்த்தை. சித்த மருத்துவத்தில் கஞ்சா உண்டு, மருந்துச் சட்டத்தின் நச்சுப் பொருள் பட்டியலில் சித்தப் பிரிவில் அதன் பெயரும் இருக்கிறது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் மத்தியச் சட்டம் இடம் கொடுக்கிறது, உத்தரகண்ட் 2018இலேயே நாருக்காகப் போதை இல்லாத கஞ்சாச் செடி வகைக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டது. இதைச் செய்ய யாரும் கடை திறக்க வேண்டியதில்லை. கடை திறப்பதுதான் மாநிலம் தனியாகச் செய்ய முடியாத வேலை, அதற்கு நாடாளுமன்றம் வேண்டும்.

என் ஓட்டு எதற்கு

இரண்டாவது வழிக்கு. வைத்திருக்கும் பையனை வழக்கிலிருந்து விடுவது, விற்பவன் மேல், அதுவும் மேல்தட்டு வியாபாரி மேல் இப்போதுள்ள இறுக்கத்தைக் குறைக்காமல் இருப்பது. கள்ளச்சந்தை அப்படியே இருக்கும், தெரிந்துதான் சொல்கிறேன். கடை திறந்தாலும் அது சாகப்போவதில்லை என்று கலிபோர்னியாவும் கள்ளக்குறிச்சியும் காட்டிவிட்டபின், சாகாத ஒன்றைக் கொல்கிறேன் என்று சொல்லி இன்னொரு 45,000 கோடி வியாபாரத்தை ஆரம்பிக்க எனக்கு மனசில்லை. விற்கும் கையும் வரவு எழுதும் கையும் வேறு வேறாக இருக்கும் ஒரு ஏற்பாட்டை, அதாவது வருமானம் பட்ஜெட்டில் சேரவே முடியாத மாதிரி ஒரு சட்டத்தை, யாராவது எழுதிக் காட்டினால் உருகுவே வழியை மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

இந்த இரண்டாவது வழிக்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், பாதி ஏற்கெனவே இருக்கிறது. 1985 சட்டத்தின் 64ஏ பிரிவுப்படி, சிறிய அளவு வழக்கில் மாட்டிய போதை அடிமை, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டுவிட்டு ஓடினால் விலக்கு போய்விடும். யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் சொல்வதில்லை. பெரும்பாலான வீடுகளில் "ஃபைனைக் கட்டிட்டு வந்துருவோம், வெளிய தெரியாது" என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டினால் அது தண்டனை பெற்ற வழக்கு, பையனின் பெயரில் அப்படியே நிற்கும். உங்கள் வீட்டுப் பையனோ தெருப் பையனோ மாட்டினால், ஒப்புக்கொள்வதற்கு முன்னால், முதல் வாய்தாவுக்கும் முன்னால், வக்கீலிடம் 64ஏ பற்றிக் கேளுங்கள், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு ஒரு ஓபி சீட்டுப் போடுங்கள்.